நீலப் பெட்டியில் ரொட்டி

காகிதத்தின் ஈரம் பார்க்கத் துர்சுனாய்க்குக் கருவி எதுவும் வேண்டாம். கட்டின் இடுக்கில் நான்கு விரலை நுழைத்து, கண்ணை மூடி, வாய்க்குள் பிஸ்மில்லா சொல்லுவாள். விரலை எடுக்கும்போதே எண்ணும் வந்துவிடும். நூற்றுக்குப் பதினொன்று என்பாள். ஊசி வைத்த கருவியைக் குத்திப் பார்த்தாலும் பதினொன்றுதான் காட்டும். பன்னிரண்டைத் தாண்டினால் வடக்கே உள்ள காகித ஆலை வாங்காது. அதனால் ஓஷ் நகரத்து ஆற்றங்கரையில் குப்பை பிரிக்கும் கொட்டகையில் அவள் விரல் படாமல் எந்தக் கட்டும் லாரியில் ஏறுவதில்லை.

அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இதுவாவது நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டு அவளுக்குத் துர்சுனாய் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைக்குக் குப்பம்மாள் என்று பெயர் வைக்கிறவர்களுக்கு இதற்குமேல் சொல்லவேண்டியதில்லை. இறைவன் கருணையால் நின்றாள். இப்போது ஐம்பத்திரண்டு வயது. பதினேழு வயதிலேயே பட்டாலையில் சேர்ந்து, பட்டுக்கூட்டைத் தொட்டுத் தரம் சொல்லும் மேசையில் உட்கார்ந்தவள். விரலுக்கு அந்தப் பழக்கம் அங்கே வந்தது. ஆலை மூடிய பிறகு சந்தையில் காலுறை விற்றாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்தக் கொட்டகைக்கு வந்தாள்.

வந்த புதிதில் கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், காகிதக் கம்பெனி என்று சொல்லிவிட்டுப் பிலாவ் சோற்றுத் தட்டின் பக்கம் திரும்பிக்கொள்வாள். பிறகு அந்த வெட்கம் போய்விட்டது. கடையில் முட்டை வாங்கினால் அட்டைத் தட்டைத் திருப்பி ஒருமுறை தடவிப் பார்ப்பாள். நாம் பிரித்த காகிதம் இதில் கட்டாயம் இருக்கும் என்று கடைக்காரரிடமே சொல்லுவாள். அவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, முட்டை உடைந்துவிடப் போகிறது என்று தட்டை வாங்கி வைத்துக்கொள்வார்.

கொட்டகையில் அவளைச் சேர்த்துப் பதினோரு பெண்கள். நகரும் பட்டையின் இரண்டு பக்கமும் நின்று, வருகிறதைப் பிரிப்பார்கள். எல்லோரும் அவளை எஜே, அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள். மேலாளர் தாலாய்பெக்கும் அப்படித்தான் கூப்பிடுவான். அவள் அவனைத் தம்பி என்பாள். முப்பத்தைந்து வயது, நல்ல பையன், என்ன ஒன்று, எதற்கும் ஒரு படிவம் வைத்திருப்பான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடுக்குமாடி முற்றங்களில் மூன்று பெட்டிகள் வைத்தார்கள். நீலம் காகிதத்துக்கு, மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு, சாம்பல் நிறம் மற்றதுக்கு. முதல் வருஷம் நன்றாகவே போனது. ஆனாலும் நீலத்தில் தர்பூசணித் தோல் வருகிறது, பிள்ளைகளின் டயப்பர் வருகிறது என்று பெண்கள் முறையிட்டார்கள். போன கோடையில் தாலாய்பெக் ஒரு சுவரொட்டி அடிக்க முடிவுசெய்து, என்ன எழுதலாம் என்று எல்லோரையும் கேட்டான். துர்சுனாய்தான் சொன்னாள். மூன்றில் நீலம் சுத்தமான பெட்டி, அழுக்கு எதுவும் படக்கூடாது என்று எழுதினால் நம் ஜனங்களுக்குப் புரியும் என்றாள். அப்படியே அச்சடித்து எல்லா முற்றத்திலும் ஒட்டினார்கள். தோலும் டயப்பரும் குறைந்தே போயின. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இலையுதிர்காலம் வந்ததும் ஒரு லாரிச் சரக்கு அப்படியே திரும்பி வந்தது. நடுக்கட்டுகளில் ஈரம், பூஞ்சணம், எலிக் கடி. அடுத்த மாதம் இன்னொன்று. இந்தத் தடவை லாரியோடு கடிதமும் வந்தது. மூன்றாவதும் இப்படி இருந்தால் ஒப்பந்தம் முடிந்தது என்று ஆலையில் எழுதியிருந்தார்கள். காகிதம் போகாவிட்டால் கொட்டகை நடக்காது. அது பதினோரு பேருக்கும் தெரியும். பன்னிரண்டாவதாகத் தாலாய்பெக்குக்கும் தெரியும்.

துர்சுனாய்க்குச் சோறு இறங்கவில்லை. கட்டின் வெளிப்புறம் பதினொன்று சொல்கிறது, உள்ளே பதினெட்டு இருக்கிறது. கை பொய் சொல்கிறதா?

தாலாய்பெக் கழிவுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். காகிதத்தோடு கலந்து வரும் வேண்டாத பொருளையெல்லாம் பெண்கள் தினமும் எழுதிவைக்கும் புத்தகம் அது. கண்ணாடி, துணி, தோல், எல்லாமே போன வருஷத்தைவிடக் குறைவு. பிறகு ஈரம் எங்கிருந்து வருகிறது, பட்டையில் நிற்கிறவர்கள் பார்த்துத்தான் பிரிக்கிறார்களா என்று கேட்டான். பதினோரு பேரில் குல்சினா நாக்கு நீண்டவள். புத்தகம் நனையாமல்தான் இருக்கிறது, வேண்டுமானால் அதையே ஆலைக்கு அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் பட்டைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் துர்சுனாய் பட்டைக்குப் போகவில்லை. லாரி ஓட்டும் மாமசாதிக் அகாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அண்ணன் என்பதை அங்கே அகா என்பார்கள். இராத்திரி பெய்த மழை முற்றங்களில் தேங்கிக் கிடந்தது. மூன்றாவது முற்றத்தில், தலையில் பூப்போட்ட துணி கட்டிய ஒரு பெண் இரண்டு பைகளோடு வந்தாள். ஒன்றைச் சாம்பல் பெட்டியில் வீசினாள். பிறகு கையைப் பாவாடையில் துடைத்து, இரண்டாவது பையிலிருந்து காய்ந்த ரொட்டி ஒன்றை எடுத்தாள். முத்தமிட்டு, நெற்றியில் தொட்டு, நீலப் பெட்டிக்குள் காகிதத்தின்மேல் மெல்ல வைத்தாள். மூடியைச் சாத்தவில்லை. கிடந்த குச்சி ஒன்றை முட்டுக்கொடுத்துத் திறந்தபடியே விட்டுவிட்டு நடந்தாள்.

துர்சுனாய் இறங்கிப் போய், சலாம் சொல்லி, ஏன் இப்படி என்று பக்குவமாகக் கேட்டாள்.

"பழைய தொட்டியில கொக்கி இருந்துச்சு, பையில போட்டு மாட்டி விட்டுடுவோம். இதுல கொக்கி ஏது? ரொட்டிய குப்பையோட போடச் சொல்றீங்களா? நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்களே, இதுதான் சுத்தமான பெட்டின்னு."

"மூடிய ஏம்மா திறந்து வைக்கிற?"

"குருவி தின்ன வேண்டாமா?"

துர்சுனாய் திரும்பி வந்து வண்டியில் ஏறினாள். அன்று பார்த்த ஏழு முற்றங்களிலும் நீல மூடி வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. குருவிகள் இருந்தன. எலியும் இருந்தது. மழைக்கு வழி கேட்கவா வேண்டும்? மாமசாதிக் அகா வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. நான் தினமும் பார்க்கிறதுதானே, நல்ல காரியம்தானே செய்கிறார்கள் என்று நினைத்தேன் என்றார்.

கொட்டகைக்குத் திரும்பியதும் துர்சுனாய் சுவரோரத்து உயரப் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். அதில் ரொட்டி குவிந்திருந்தது. பட்டையில் ரொட்டி வந்தால் யார் கையில் பட்டாலும் முத்தமிட்டு அந்தப் பலகையில் எடுத்து வைப்பது அவர்கள் வழக்கம். சாயங்காலம் ஆடு வைத்திருக்கிற யாராவது வாங்கிப் போவார்கள். அவளும் ஆயிரம் தடவை வைத்திருக்கிறாள். ஒருநாளும் அதை எண்ணிப் பார்த்ததில்லை. பட்டையில் தென்பட்டதைத்தான் எடுத்தார்கள். காகிதத்துக்குள் கரைந்துபோனது கட்டுக்குள்ளேயே போய்விட்டது.

பலகையில் இருந்த ரொட்டியை ஒரு பையில் அள்ளிக்கொண்டு நேரே தாலாய்பெக் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் புத்தகத்தைப் புரட்டினான்.

"எஜே, இரண்டு வருஷப் புத்தகத்துல ஒரு தடவைகூட ரொட்டின்னு எழுதலையே."

"அது கழிவுப் புத்தகம் தம்பி. அதுல ரொட்டிய எப்படி எழுதுறது?"

அவள் கொண்டுவந்த பையிலிருந்து ஒரு துண்டு தரையில் விழுந்திருந்தது. அவன் குனிந்து எடுத்து, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே நெற்றியில் தொட்டு, ஜன்னல் விளிம்பில் வைத்தான்.

"சுத்தமான பெட்டின்னு எழுதச் சொன்னது நான்தான்" என்றாள் அவள். "ஆலைக்குக் கடுதாசி போடுறப்ப என் பேரைப் போட்டே எழுதுங்க. பட்டையில நிக்கிற பிள்ளைங்க மேல தப்பு இல்ல."

அவன் அவள் பெயரை எழுதவில்லை. இனி என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டான். நீலப் பெட்டியில் ரொட்டி வைக்காதீர்கள் என்று புதுச் சுவரொட்டி அடிக்கலாமா என்றான். வேறு எங்கே வைப்பார்கள் என்று அவள் கேட்டாள். நான்காவதாக ஒரு பெட்டி வைக்க நகராட்சி விதியில் இடமில்லை என்றான்.

"அது குப்பைப் பெட்டி இல்லையே தம்பி" என்றாள் துர்சுனாய்.

கொட்டகையின் பின்பக்கம் உடைந்த குளிர்பெட்டிகளின் கம்பித் தட்டுகள் குவிந்து கிடந்தன. மாமசாதிக் அகாவுக்கு வெல்டிங் தெரியும். பார்த்துக்கொண்டு சும்மா இருந்த பாவத்துக்கு இது என் பங்கு என்று சொல்லி, பன்னிரண்டே நாளில் நாற்பது கூண்டுகள் செய்தார். மேலே தகரக் கூரை, காற்று போகக் கம்பிக் கதவு, அடியில் குருவிக்குத் தூள் சிந்தும் ஒரு தட்டு. பெட்டிகளைவிட்டு எட்டடி தள்ளி, நெஞ்சுக்கு மேலான உயரத்தில் கம்பம் நட்டு மாட்டினார்கள். அந்த உயரத்தைத் துர்சுனாய் தன் தோளை வைத்தே அளந்து காட்டினாள். எழுத்து ஒன்றும் எழுதவில்லை. முற்றத்துக்கு ஒரு ரொட்டியை அவளே முத்தமிட்டு முதலில் வைத்தாள். ஜனங்களுக்கு அது போதுமாக இருந்தது. ஒரே வாரத்தில் நீல மூடிகள் சாத்திக் கிடந்தன. ஆட்டுக்காரர்கள் காலையில் வந்து கூண்டைக் காலி செய்தார்கள்.

தாலாய்பெக் கழிவுப் புத்தகத்தில் ரொட்டிக்கு ஒரு கட்டம் அச்சடிக்கலாம் என்று கொண்டுவந்தான். வேண்டாம் என்றுவிட்டாள். தனியாக ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் இறைவன் பெயரை எழுதி, ரொட்டிக் கணக்கை அதில்தான் எழுத ஆரம்பித்தாள்.

மூன்றாவது சரக்கை ஏற்றுகிற அன்று அவள் ஒவ்வொரு கட்டையும் பிரிக்கச் சொல்லி நடுவில் கை வைத்துப் பார்த்தாள். கட்டு போடுகிறவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் கேட்காததுபோல் இருந்தாள். கடைசியில் ஒன்பது என்றாள். கருவியைத் தாலாய்பெக் எடுக்கப் போனான். வேண்டாம், அங்கே குத்திப் பார்க்கட்டும் என்றாள். லாரி கிளம்பியதும் பதினோரு பேரும் கையேந்தி, ஆமின் சொல்லி, முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஆலைக்குப் போகும் வழியில் மலைக்கணவாயில் பனி விழ ஆரம்பித்திருந்த நேரம்.

நான்காம் நாள் மத்தியானம், தொழுகை முடித்துத் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, வளைவில் லாரி தெரிந்தது. சுமை இருந்தால் அந்த வண்டி பின்பக்கம் தாழ்ந்து, முக்கிக்கொண்டு வரும். போன இரண்டு தடவையும் அப்படித்தான் வந்தது. இப்போது மேட்டில் ஏறியபோது பின்பக்கம் துள்ளியது. தார்ப்பாய் தொய்ந்து படபடத்தது.

"காலி" என்றாள் குல்சினா. சொல்லிக்கொண்டே வாசலுக்கு ஓடினாள்.

மாமசாதிக் அகா இறங்கி, சட்டைப் பையிலிருந்து ஆலைச் சீட்டை எடுத்துத் தாலாய்பெக்கைத் தாண்டி வந்து துர்சுனாயிடம் நீட்டினார். அவளுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. குல்சினா வாங்கிப் படித்தாள்.

"ஒன்பதரைன்னு போட்டிருக்கு. அரை தப்பிடுச்சே எஜே."

துர்சுனாய் அகா பக்கம் திரும்பினாள். "கணவாயில பனி பெஞ்சுதா?"

"பெஞ்சுது. நல்லாவே பெஞ்சுது."

"அந்த அரை அங்க ஏறினது" என்றாள் அவள். "நான் ஏத்தினது ஒன்பதுதான்."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. தாலாய்பெக் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். துர்சுனாய் சிரிக்காமல் தேநீரைக் குடித்து முடித்து, கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, கையுறையை மாட்டிக்கொண்டு பட்டையை ஓடவிடச் சொன்னாள்.