சிறைக்குள் போன சம்பல் வாசம்

பேய், ஆவி, செய்வினை என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடமாகத் தரம் பார்க்கிற வேலை; கண்ணால் பார்க்காத எதையும் பாஸ் பண்ண மாட்டேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது.

என் தம்பி மோகன் ஒரு அடிதடி வழக்கில் இரண்டு வருடம் உள்ளே போனான். எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். அவனும் இப்படிப் பண்ணிவிட்டானே என்ற கோபத்தில் எட்டு மாதம் நான் அவனைப் பார்க்கப் போகவில்லை, கடிதமும் போடவில்லை. கெலுகோர் ஃபிளாட்டில் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, அவன் பெயரைக்கூட எடுக்காமல் இருந்தேன். அப்போதுதான் அவன் கடிதம் வந்தது. மன்னிப்பு, அழுகை, ஒன்றும் இல்லை. 'அக்கா, போன ஞாயிறு நெத்திலி சம்பலா? கொஞ்சம் கரிஞ்சுபோச்சுதானே?'

கரிந்தது உண்மை. ஆனால் நான் யாரிடமும் சொல்லவில்லை, சிறையோ பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம்.

லீவு போட்டுவிட்டுப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெலிந்துபோய், பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஃபோனை எடுத்ததும் நான் நலம்கூட விசாரிக்கவில்லை.

"யாருடா சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலக்கா. மத்தியானம் வாசம் வந்துச்சு. எனக்கு மட்டும் இல்ல லா, ரூம்ல எல்லாருக்கும். வாசத்தையே தொட்டுக்கிட்டு சோத்த முடிச்சிட்டோம்."

சிரித்துவிட்டேன். எட்டு மாதக் கோபம் அங்கேயே போயிற்று. பிறகு இரண்டு பேரும் அழுதோம், அது வேறு விஷயம்.

நம்பினேனா? இல்லை. அடுத்த ஞாயிறு, வாழ்நாளில் செய்யாததாக, இறாலில் பலாக்கொட்டை போட்டுப் பிரட்டினேன். மறுமுறை போனபோது நான் உட்காரும் முன்பே ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இறாலு தெரிஞ்சுச்சு. கூட வெந்தது என்னாக்கா, பலாக்கொட்டையா?"

கையில் மயிரெல்லாம் எழுந்து நின்றது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திருவிழாதான். ஒரு ஆளுக்கு எதற்கு ஒரு கிலோ ஆட்டிறைச்சி என்று கடைக்காரர் கேட்பார். ஜன்னலையெல்லாம் திறந்துவைத்து, சட்டிக்கு மூடி போடாமல் சமைப்பேன். உள்ளேயிருந்து ஆர்டர் வேறு வரும்: "அடுத்த வாரம் கோழிப் பெரட்டல் போடுக்கா, ரூம்ல ஓட்டுப் போட்டு முடிவு பண்ணிட்டோம்."

போன வருடம் மோகன் வெளியே வந்தான். இப்போது லோரி ஓட்டுகிறான், என் சாப்பாட்டில் தொந்தியும் போட்டுவிட்டது.

போன மாதம் அவனுக்கு ஒரு கடிதம். இன்னும் உள்ளே இருக்கிற ஆ செங் என்ற சீன ரூம் கூட்டாளி மலாயில் எழுதியிருந்தார். மோகன் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஞாயித்துக்கிழம மீன் குழம்புல புளி ரொம்ப தூக்கலாம்க்கா. உன்கிட்ட சொல்லச் சொல்றாரு."

நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஞாயிறு மோகன் ஈப்போவுக்கு லோடு ஏற்றிப் போயிருந்தான். புளி கூடிப்போன அந்தக் குழம்பை ஒரு வாய் வைத்ததுமே நான் கொட்டிவிட்டு, சட்டியையும் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்; மோகனிடம்கூடச் சொல்லவில்லை.

வாசம் போகும், சரி, அதற்கு நான் பழகிவிட்டேன். என் நாக்கில் பட்ட புளிப்பு அவருக்கு எப்படித் தெரிந்தது? இப்போதெல்லாம் உப்புப் பார்க்கக் கரண்டியைத் தூக்கினால், வாய்க்குக் கிட்டே வந்ததும் கை கொஞ்சம் நின்றுவிடுகிறது.