எலுமிச்சம்பழம் நசியாத இறக்கம்

என் வானைக் குறை சொன்னால் எனக்கு உடனே கோபம் வரும். என் சமையலைக் குறை சொன்னால்கூட அவ்வளவு வராது. பாலையூற்றிலிருந்து நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பதினொரு பிள்ளைகளை ஏற்றிப் போகிற வான் அது. வயதில் என்னைவிடச் சற்றே இளையது. அதற்குக் 'கிழவி' என்று பெயர் வைத்தவர் என் கணவர். எனக்கும் சேர்த்துத்தான் வைத்தாரோ என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை.

அந்தக் கிழவி ஒரு திங்கட்கிழமை உவர்மலை இறக்கத்தில் என்னைக் கைவிடப் பார்த்தது. லைற் போஸ்டடியில் பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு போல உள்ளே போனது. பழைய வான் ஓட்டுகிற எல்லோருக்கும் இதற்கு வைத்தியம் தெரியும்: விட்டுவிட்டு மூன்று தரம் மிதிக்க வேண்டும். மிதித்தேன். முன்னால் நின்ற பஸ்ஸுக்கு ஒரு சாண் பின்னால் நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கைதட்டிய பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லாமல் இருப்பார்களா? மறுநாள் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தியின் தாய் என் வாசலில் நின்றார். மற்றப் பெற்றோரும் அவர் சொல்லைத்தான் கேட்பார்கள்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. வாற திங்களிலயிருந்து நாங்கள் வேற வான் பாக்கிறம்."

"அதுக்கு முதல் ஞாயிறு வரும் தானே? உவர்மலைக்கு வாங்கோ. அதே போஸ்டடியில மிதிச்சுக் காட்டுறன். நிக்காட்டி நானே வானை விக்கிறன்."

வாய் முந்திவிட்டது. அந்தக் கிழமை முழுக்கப் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிப் போனேன். வான் கராஜுக்குப் போனது.

கராஜ் வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணனை நாங்கள் நானா என்போம்; கிண்ணியாக்காரர். சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஒயில் போகிற ரப்பர் ஹோஸை வளைத்துக் காட்டினார். உப்புக்காற்றில் வெடித்த வெடிப்புக்குள் என் நகம் போனது.

"நீங்க மிதிக்கிறதில பாதி இந்த ரப்பர் ஊதுறதுக்கே போகுது தங்கச்சி. புது ரப்பர் போட்டாலும் காணும், செலவும் குறைவு."

"வேண்டாம் நானா. கம்பி பின்னினதையே போடுங்கோ. இனி இது ஊதவே கூடாது."

ஸ்டெயின்லஸ் ஸ்டீல் கம்பியால் வெளியே நெருக்கமாகப் பின்னிய ஹோஸ்கள் வந்தன. முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று. கணவர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"கிழவிக்கு வெள்ளிக் கொலுசோ? அதுவும் மூண்டு?"

சிரித்தாரே தவிர, ஹோஸுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றி எயார் எடுக்கும்போது ஒயில் ஊற்ற அவர்தான் நின்றார். நானா வானுக்குக் கீழே, நான் பெடலில். "மிதிங்க... பிடிங்க... விடுங்க" என்று மத்தியானம் வரை போனது. கடைசியில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பச் சொன்னார். பின்னல் எங்கும் உரசவில்லை என்று கண்ட பிறகுதான் நானா எழும்பினார். பெடல் கல் மாதிரி நின்றது.

ஞாயிறு காலை, பிள்ளைகளின் பாரத்துக்கு ஈடாக ஐந்து நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனோம். கணவர் நாலு எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார், புது வாகனத்துக்குச் செய்வது போலச் சக்கரங்களின் கீழ் வைத்து நசிக்க. பறித்துக்கொண்டேன்.

"இண்டைக்கு ஒண்டும் நசியக் கூடாது."

ஒன்றைத் தாயிடம் கொடுத்து, அன்று பஸ் நின்ற இடத்தில் வைக்கச் சொன்னேன். கெட்டிக்காரி, வான் வரும் பக்கமாக ஒரு முழம் தள்ளியே வைத்தார்.

முதல் இறக்கத்தில் என் கால் என்னை ஏமாற்றியது. போஸ்ட் வருமுன்பே, பழைய பழக்கத்தில் மூன்று தரம் மிதித்துவிட்டது. வான் மூன்று தரம் குத்தி நின்றது. கணவரின் முழங்கால் டாஷ்போர்ட்டில் இடித்தது.

"அக்கா, போஸ்டுக்கு முதலே மிதிச்சிட்டீங்கள். இது சரிவராது," என்றார் தாய்.

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. வானைத் திருப்பி மேலே ஏற்றும்போது கணவர் முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னார்: "ஒருக்கா மட்டும் மிதியும். பிடிக்கும். என்ர முழங்காலுக்குத் தெரியும்."

பகிடிதான். ஆனால் கதவைத் திறந்து இறங்காமல் பக்கத்திலேயே இருந்தார். அது எனக்குக் காணும்.

மீண்டும் இறக்கம். போஸ்ட் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வந்தது. ஒரே மிதி. வான் நின்றது. ஒரு மூட்டைகூடச் சரியவில்லை. அங்கே ஊருக்குள்ளேயே திரிகிற, மதிலோரம் மேய்ந்த மான்கள் தலை நிமிர்த்தவும் இல்லை. "பாத்தீங்களோ!" என்று நான் போட்ட சத்தத்துக்குத்தான் அவை ஓடின.

தாய் வானுக்கு முன்னால் வந்து குனிந்தார். எலுமிச்சம்பழத்தை எடுத்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். கீறல் கூட இல்லை.

"நாளைக்கு ஆறரைக்குத் தானே, அக்கா?"

"ஓம்."

அவர் போகவில்லை. பழத்தைக் கைக்குள் உருட்டிக்கொண்டு நின்றார்.

"சின்னவள் தையில முதலாம் ஆண்டுக்குப் போறாள். அவளையும் உங்கட வானிலயே விடலாமோ?"