மொதல்ல எழுது, மாதப்பா

பிரசிடென்ட் மாதப்பன் அழுத அன்று ஊரில் கண் கலங்காத ஒரே ஆள் எங்கள் வீட்டுக்கார அம்மா சரோஜம்மாள்தான். கிராம சபைக்கு வந்திருந்த மற்ற எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். நானும்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அது 2006, ஆகஸ்ட் பதினைந்து. ஊர் ஓசூரை அடுத்த பாகலூருக்குப் பக்கம். நான் திருநெல்வேலிக்காரன், சுடலைமுத்து. சிப்காட்டில் லேத் ஓட்டிக்கொண்டு சரோஜம்மாள் வீட்டுப் பின்பக்க அறையில் குடியிருந்தேன். பிழைக்க வந்த இடத்தில் நமக்கென்ன வம்பு என்று வாயைப் பொத்திக்கொள்கிற ரகம் நான். அந்த அம்மா அந்த ரகம் இல்லை.

அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. கணவர் வெங்கடப்பன் காலமாகிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. மகள் சரிதாவோடு தெலுங்கில் சண்டை போடுவார், மாட்டைக் கன்னடத்தில் வைவார், என்னைத் தமிழில் திட்டுவார். பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளி அருகே. அதனால் எழுதப் படிக்கத் தெரிந்தது கன்னடம் மட்டும். ஒன்றரை ஏக்கர் நிலத்தில் கோஸும் தக்காளியும் போட்டு, யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ்ந்தவர்.

2003-ல் அந்த நிலத்துக்கு முன்னால் இருந்த மேட்டுக்காட்டை ஒரு கம்பெனி வாங்கிச் சுவர் எழுப்பியது. ஊர் காலம் காலமாகப் போய்வந்த வண்டிப்பாதை சுவருக்குள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு டெம்போ நிலத்துக்கு வரவில்லை. அடுத்தவர் வரப்பில் தலைச்சுமையாகத்தான் கோஸ் வெளியே வர வேண்டும். வந்தது பாதி, அழுகியது பாதி. மறு வருஷமே புரோக்கர் வந்து நின்றான். பாதை இல்லாத நிலம், வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்றான். நிலம் போனால் மருமகன் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு மூலையில் கிடக்க வேண்டும். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவர் மூக்கு சிவந்துவிடும்.

மாதம் ஒரு திங்கள்கிழமை கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறுவார். மனு எழுதிக்கொடுப்பது என் வேலை. இரண்டரை வருஷமாக ஒரே பதில்தான் வந்தது. அந்த இடத்தில் பொதுப்பாதை ஏதும் இல்லை என்று ஊராட்சித் தலைவர் சான்று கொடுத்திருக்கிறாராம். அந்தத் தலைவர்தான் மாதப்பன்.

பத்து வருஷம் பிரசிடென்டாக இருந்தவர். அடுத்த தேர்தலில் எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டதால் அதுவே அவருடைய கடைசி கிராம சபை. பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். கிளார்க் ராஜப்பன் தீர்மானங்களை மளமளவென்று படித்தார். தீர்மானங்களை முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து அவர் எழுதிவிடுவது ஊருக்கே தெரியும். படித்து முடித்ததும் மாதப்பன் மைக்கை வாங்கினார்.

"பத்து வருசம் இந்த நாற்காலியில ஒக்காந்தன். ரோடு போட்டன், டேங்கு கட்டனன். ஆனா சிலத நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது. ஏரிக் கால்வாய தூர் வாராம உட்டது என் தப்பு. அப்புறம், கம்பெனிக்காரங்க கேட்டாங்கன்னு, பாதையே இல்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தன். பாதை இருந்துச்சி. எனக்குத் தெரியும். நம்ம புள்ளைங்களுக்கு வேல தர்றம்னாங்க, நம்பிட்டன். எல்லாரும் என்னை மன்னிக்கணும்."

துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த கிருஷ்ணப்பன், "எந்தப் பிரசிடென்ட்டு இப்படி சபையில தப்ப ஒத்துக்குவான்? பெரிய மனசுப்பா" என்றார். பின்னால் நின்ற ஒருவன் மட்டும், "பொம்பள சீட்டாயிடுச்சில்ல, சம்சாரத்த நிக்க வெக்கப் போறாரு, அதான் அழுவறாரு" என்றான். நாலு பேர் அவனை முறைத்தார்கள். என்னைக் கேட்டால், அழுகை நிஜம்தான். ஓட்டுக் கணக்கும் கொஞ்சம் இருந்திருக்கலாம். மனுஷன் என்றால் இரண்டும்தான் இருக்கும்.

அப்போது சரோஜம்மாள் எழுந்தார்.

"முடிச்சிட்டயா மாதப்பா? இப்ப சொன்னத நோட்டுல எழுது."

ராஜப்பன் பதறினார். "தீர்மானமெல்லாம் எழுதியாச்சும்மா. ஜனங்க கையெழுத்துப் போடறதுதான் பாக்கி."

"இன்னும் யாரும் போடலயா? நல்லதாப் போச்சி."

மேஜைக்குப் போய், கையெழுத்து நோட்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். அந்த நோட்டில் ஜனங்கள் கையெழுத்து விழாவிட்டால் கூட்டம் நடந்ததாகவே கணக்கில்லை. பால் சொசைட்டிப் பெண்கள் நாற்பது பேர் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவரை மீறிக் கையெழுத்துப் போட ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

சற்று முன் அழுத கூட்டம் இப்போது அவர்மேல் பாய்ந்தது. "அதான் மன்னிப்புக் கேட்டுட்டாரே, உட்டுடு சரோஜா" என்றார்கள். செத்த பாம்பை அடிக்காதே என்றார்கள். கல் நெஞ்சுக்காரி என்றும் ஒரு குரல் வந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. மூன்று வருஷம் அவர் தலையில் கோஸ் மூட்டை இருந்தபோது இதில் ஒரு ஆள் அதை இறக்கிவைக்க வரவில்லை.

சரோஜம்மாள் குரலை உயர்த்தவே இல்லை.

"இவன் அழுதத கொண்டுபோயி கலெக்டர் ஆபீசுல காட்ட முடியுமா? பாதை இல்லன்னு காயிதத்துல எழுதனவன், இருக்குதுன்னும் காயிதத்துல எழுதட்டும். மன்னிப்பெல்லாம் அப்புறம்."

ராஜப்பன் வேண்டாவெறுப்பாகத் தீர்மான நோட்டில் ஒரு வரி கிறுக்கினார். அந்த அம்மா அதை வாங்கி நேராக என்னிடம் நீட்டினார். "முத்து, எல்லாருக்கும் கேக்கற மாதிரி படி."

இருநூறு கண்கள் என்மேல். நான் வேலை பார்த்தது வேறு கம்பெனி, அதனால் என் தைரியத்தை யாரும் மெச்ச வேண்டாம். "பாதை குறித்து விவாதிக்கப்பட்டது" என்று படித்தேன்.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதாம்மா."

அவர் மாதப்பன் பக்கத்தில் போய் நின்றார். "உங்கப்பன் பாடை எந்த வழியா போச்சி மாதப்பா? கொட்டற மழையில நாங்கல்லாம் பின்னாடியே வந்தம். இதானா விவாதிச்சது?"

மாதப்பன் துண்டை மேஜைமேல் வைத்தார். தீர்மான நோட்டை என்னிடமிருந்து இழுத்துத் தன் கையாலேயே எழுதினார். நாலு வரி. சர்வே எண் சொல்லி, அங்கே வண்டிப்பாதை இருந்தது தனக்குத் தெரியும் என்றும், தான் கொடுத்த சான்று தவறு என்றும், பாதையைத் திறந்துவிட வேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் இரண்டு முறை படித்தேன். சரோஜம்மாள் அக்குளில் இருந்த கையெழுத்து நோட்டை எடுத்து, முதல் ஆளாகக் கன்னடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெண்களிடம் கொடுத்தார்.

"இப்பவாவது மன்னிச்சயாக்கா?" என்று மாதப்பன் மெதுவாகக் கேட்டார்.

"டெம்போ போகட்டும்" என்றார் அவர்.

அக்டோபர் தேர்தலில் மாதப்பனின் மனைவி நின்று தோற்றுப்போனார். தப்பை எழுதிக்கொடுத்ததால்தான் தோற்றார் என்று டீக்கடையில் பேசினார்கள். அந்தப் பழியும் சரோஜம்மாள் தலையில்தான் விழுந்தது. அவர் அசரவில்லை. தீர்மானத்தின் நகலை வைத்து மறுபடியும் மனு, மறுபடியும் திங்கள்கிழமை பஸ். கடைசியில் ஓசூரில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மாதப்பன் வரமாட்டார் என்று நான் பந்தயமே கட்டினேன். வெள்ளை வேட்டியில் வந்து, கம்பெனி வக்கீல் முன்னாலேயே, எழுதியதை அப்படியே சொல்லிவிட்டுப் போனார். என் பந்தயம் போனது, அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

மறு வருஷம் பங்குனியில் சுவரில் பன்னிரண்டு அடி இடித்தார்கள். முதல் லோடு கோஸ் ஏற்றிய டெம்போவில் நானும் அந்த அம்மாவும் டிரைவர் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மாதப்பன் வீடு வந்ததும் அந்த அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். சத்தம் கேட்டு மாதப்பன் வாசலுக்கு வந்தார். பிரசிடென்டாக இருந்தபோது இருந்த தோரணையெல்லாம் வடிந்து, சட்டை இல்லாமல் நின்றார்.

சரோஜம்மாள் இறங்கி, லோடில் இருந்ததிலேயே பெரிய கோஸ் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"அன்னைக்கு ஒண்ணு கேட்டயே மாதப்பா. குடுத்துட்டன்."

அவர் கோஸை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா அதற்குள் வண்டியில் ஏறிவிட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

"போப்பா" என்றார் டிரைவரிடம், "மண்டிக்கு நேரமாவுது."