இட்லித் தட்டில் விரித்த தாள்

தைராய்டுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரம்மா, "சூடான சாப்பாட்ட பிளாஸ்டிக் பையில வாங்குறத மொதல்ல நிறுத்துங்க" என்று சொன்னார். அன்றிலிருந்து எவர்சில்வர் டப்பா இல்லாமல் நான் வெளியே கிளம்பியதில்லை. வேலை பெரம்பலூரில், வீடு செந்துறையில். வார நாட்களில் வாடகை அறை. காலையில் தெருமுனை அக்காவின் இட்லிக் கடை. இட்லிக்கு ஒரு டப்பா, சாம்பாருக்கு ஒரு டப்பா. ஒரு மாதம் அப்படி வாங்கினேன், கொஞ்சம் பெருமையாகவே.

ஒருநாள் சீக்கிரமே போய்விட்டேன். அக்கா இட்லிக் கொப்பரையைத் திறந்து தட்டை வெளியே எடுத்தார். இட்லிகளுக்கு அடியில் துணி இல்லை. பிளாஸ்டிக் தாள், ஆவியில் சுருங்கிப்போய்க் கிடந்தது. அதிலிருந்து இட்லியை உரித்து என் டப்பாவில் வைத்தார்.

"என்னக்கா, துணி போடலையா?"

"துணியில ஒட்டிக்குதும்மா. இது வழுக்கிட்டு வந்துரும்."

அன்று மாலையே வெள்ளைத் துணி வாங்கித் தட்டளவுக்கு வெட்டிக் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டார். மூன்று நாள் துணியில் வெந்தது. நான்காம் நாள் மறுபடியும் தாள்.

"தொவைக்கத் தண்ணி எங்கம்மா இருக்கு? கொழாயில என்னைக்கோ ஒருநாள் வருது. மாவாட்டுவனா, பாத்திரம் கழுவுவனா, துணி அலசுவனா?"

"நானே தொவைச்சுத் தரேங்க்கா" என்றேன். அக்கறையில் சொன்னதல்ல, கோபத்தில் சொன்னது. மாவு ஒட்டிய துணிகளைத் தினமும் அறைக்குக் கொண்டுபோய் அலசி, ஜன்னலில் காயப்போட்டேன். அப்போதும் சாப்பிட வந்த ஒருவர் இட்லியைத் திருப்பிப் பார்த்து, "முன்னெல்லாம் வழவழன்னு இருக்குமே. இப்ப என்ன, வரிவரியா இருக்கு?" என்றார். அக்கா என்னைத்தான் பார்த்தார்.

அடுத்த திங்கட்கிழமை ஊரிலிருந்து வந்த பஸ் தாமதம். துவைத்த துணிகளோடு நான் போய்ச் சேர்வதற்குள் கடைசி ஈடும் தாளிலேயே வெந்து இறங்கியிருந்தது.

"நாலு வைக்கவாம்மா?"

பசி. ஆபீசுக்கும் நேரமாகிவிட்டது. டப்பாவை நீட்டினேன். அதைச் சாப்பிடும்போது வந்த எரிச்சல் அக்கா மேலா, வராத தண்ணீர் மேலா, டாக்டரம்மா மேலா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு வாய்கூட ருசிக்கவில்லை.

இப்போது அறையிலேயே உப்புமா கிண்டிக்கொள்கிறேன். ரவை வருவது பிளாஸ்டிக் பாக்கெட்டில், எண்ணெயும் அப்படியே. கடையைத் தாண்டும்போது அக்கா கேட்கிறார், "ஏம்மா, இப்பல்லாம் வர்றதே இல்ல?"

"வயிறு சரியில்லக்கா" என்று பொய் சொல்லிவிட்டு நடக்கிறேன்.