இடது கையின் அளவு

போன ஞாயிற்றுக்கிழமை பண்பொழி ரோட்டில் ஓடுகிற ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி, சைக்கிளில் முன்னால் போய்க்கொண்டிருந்த என் மகளையும் நிறுத்தி, நடுரோட்டில் வைத்து அதட்டினேன். அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. போகிற வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

ஏன் அதட்டினேன்? முதலில் இருந்து சொல்கிறேன். எனக்கு அவசரம் இல்லை. உங்களுக்கும் வாரத்தில் ஒரு நாள்தானே இந்தப் பத்தியில் என்னோடு பேச்சு...

மகள் பேர் செல்வி. தென்காசியில் ஒரு ஆபீசில் கிளார்க். மாப்பிள்ளை வெளிநாட்டில், பேத்தி காலேஜ் ஹாஸ்டலில். வீட்டில் நானும் அவளும் என் தையல் மெஷினும்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இடது மார்பில் கட்டி வந்து, மார்பையே எடுக்க வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டாள். இதை எழுதலாமா கூடாதா என்று நான்கு நாள் யோசித்துவிட்டு அவளிடமே கேட்டேன்.

“எழுதும்மா. ஆனா பாவமா எழுதாதே” என்றாள்.

சரி, பாவமாக எழுதவில்லை.

அவள் பாவாடை கட்டிய காலத்திலிருந்து அவளுக்குத் தைப்பது நான்தான். ஆபரேஷனுக்குப் பிறகும் நான்தான். இடது பக்கம் உள்ளே பஞ்சு வைத்து, லைனிங் இரண்டு மடிப்புக் கொடுத்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரிகிற மாதிரி ஜாக்கெட் தைத்தேன். கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவளுக்குக்கூடத் தெரியவில்லை. இங்கிலீஷ் எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் டேப்பைக் கையில் எடுத்தால்? தையலில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு — கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

உடம்பு தேறியதும் டாக்டர் நடக்கச் சொன்னார். இவள் சைக்கிளை எடுத்தாள். முதலில் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும். பிறகு குற்றாலம். சாரல் தொடங்கியதும் நனைந்துகொண்டே செங்கோட்டை, பண்பொழி, வடகரை என்று சுற்றி வந்தாள். பிறகு ஒருநாள், ரேஸ் சைக்கிள் வேண்டும் என்றாள்.

பந்தயத்துக்கா போகப் போகிறாய் என்று கேட்டேன்.

“பந்தயம் இல்லம்மா. ஆஸ்பத்திரில கெடக்கும்போது ஒண்ணே ஒண்ணு நெனச்சேன். எந்திரிச்சா வேகமாப் போவணும்.”

சரி, ரேஸ் சைக்கிளே வாங்கலாம் என்றேன்.

கோயம்புத்தூரில் ஒருவர் ஸ்டீல் குழாயை வெட்டி இணைத்து, அவரவர் உடம்புக்குத் தக்கபடி ரேஸ் சைக்கிள் ஃப்ரேம் செய்து கொடுக்கிறாராம். இந்தக் காலத்தில் ஏன் ஸ்டீல்? இலேசான சைக்கிள்கள் எத்தனையோ வந்திருக்கின்றனவே? கேட்டேன். அவற்றில் சிலது ரோட்டுக் குலுக்கலையெல்லாம் அப்படியே கைக்குக் கொண்டுவந்துவிடும், ஸ்டீல் கொஞ்சத்தைத் தானே வாங்கிக்கொள்ளும் என்றாள். அவளுக்குக் குலுக்கல் ஆகாது. எனக்குத் தெரியும்.

அந்த மனிதர் போனில் ஒரு நல்ல வார்த்தை சொன்னார். உடனே ஆர்டர் கொடுக்காதீர்கள். ரெடிமேடாக ஒரு ஸ்டீல் ரேஸ் சைக்கிளைத் தேர்ந்தெடுத்து இரண்டு மாதம் ஓட்டுங்கள். எங்கே இழுக்கிறது, எங்கே குத்துகிறது என்று உடம்பு சொல்லும். அதைக் கேட்டுக்கொண்டுதான் குழாயை வெட்டுவேன் என்றார்.

செல்விக்குச் சலிப்பு. எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை வந்துவிட்டது. டேப்பில் எவ்வளவு அளந்தாலும், ஒரு ‘அளவு ஜாக்கெட்’ கொடுத்தால்தானே தையல்காரிக்கு நிம்மதி? சைக்கிளுக்கும் அதே கதைதான். அளவு சைக்கிள்!

எப்படிப்பட்ட சைக்கிளைத் தேடுவது என்று தெரிய, உடம்பின் அளவுகளை எழுதி அனுப்பச் சொன்னார். நான் இருக்கும்போது வேறு யார் எடுப்பது? கால் அளவு, இடுப்பிலிருந்து தோள், தோளின் அகலம்... எல்லாம் எடுத்தேன். கைக்கு மட்டும் ஒரு முறை சொல்லியிருந்தார். சுவரில் முதுகை ஒட்டி நின்று, கையை முன்னால் நீட்டி, சுவரிலிருந்து மூடிய கை வரை அளக்க வேண்டும். இரண்டு கைக்கும் தனித்தனியாக.

வலது கையை அளந்து எழுதினேன். இடது கையை அளக்கவில்லை. வலதுக்கு எழுதிய அதே எண்ணை இடதுக்கும் எழுதினேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு அந்தத் தோள் முழுசாக நீளாது. தெரிந்துதான் எழுதினேன். இரண்டு வருஷமாக இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கிப் பழகிவிட்டேனே! செல்வி பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அவளும் வாய் திறக்கவில்லை.

அதை வைத்து அவர் கணக்குப் போட்டுச் சொன்ன சைக்கிள் அளவுகளையும் அதே தாளில் குறித்துக்கொண்டு சைக்கிள் தேடினோம். இவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இத்தனை அலைச்சல் இல்லை. திருநெல்வேலிக் கடையில் பளபளவென்று ஒன்று இருந்தது, சீட்டு உயரம். புனலூரில் ஒரு வீட்டில் ஒன்று இருந்தது, சின்னது. கடைசியில் செங்கோட்டையில், ரிட்டையர்டு வாத்தியார் மாத்யூ சாரிடம் பழைய நீலநிற ஸ்டீல் ரேஸ் சைக்கிள் ஒன்று அகப்பட்டது. ஹேண்டில் கிடாக் கொம்பு மாதிரி வளைந்திருந்தது. சீட்டிலிருந்து ஹேண்டில் வரை டேப்பை வைத்துப் பார்த்தேன். தாளில் இருந்த கணக்குக்கு அச்சாகப் பொருந்தியது.

“கொண்டு போ மோளே, இங்கன நின்னு துருப்பிடிக்கத்தான் செய்யுது” என்று கொடுத்துவிட்டார் மாத்யூ சார்.

இரண்டு மாதம் ஓட்டினாள். வந்து இறங்கும்போதெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். நல்லா இருக்கும்மா என்பாள். திங்கட்கிழமை கோயம்புத்தூருக்கு அதையேதான் சொல்வதாக இருந்தாள் — இதே அளவில் வெட்டுங்கள் என்று.

ஜாக்கெட் என்றால் உள்ளே துணி விட்டுத் தைத்திருப்போம். பிடித்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். ஸ்டீல் குழாயில் என்னத்தைப் பிரிக்க?

அதற்கு முந்தின நாள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. வெட்டுவதற்கு முன்னால் அவள் ஓட்டுவதை நான் ஒருதரம் பார்க்க வேண்டாமா? தெரிந்த இசக்கியின் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். குற்றாலத்திலிருந்து பின்னாலேயே போனோம். பொசுபொசுவென்று சாரல். முன்னால் என் மகள், பறக்கிறாள். பாருங்கள் என் மகளை என்று இசக்கியிடம் காட்டினேன்.

செங்கோட்டை தாண்டியதும் இசக்கி கேட்டார். “ஏன் ஆச்சி, அக்கா ஒரு பக்கமா சரிஞ்சுல்லா ஓட்டுதாவ?”

சரிந்தா?

அப்போதுதான் தாயின் கண்ணை விட்டுவிட்டுத் தையல்காரியின் கண்ணால் பார்த்தேன். நனைந்த பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. சுருக்கம் நேராகப் படுத்தால் துணி அதிகம் என்று அர்த்தம். குறுக்கே சாய்ந்து விழுந்தால் ஏதோ ஒரு தோளின் அளவு தப்பு. இவள் முதுகில் வலது இடுப்பிலிருந்து இடது தோளுக்கு, கோடு போட்ட மாதிரி குறுக்கே இழுத்துக்கொண்டிருந்தது. எட்டாத இடது கையை எட்ட வைக்க, உடம்பையே முறுக்கி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

யாருடைய தப்பு அது? டேப்பைப் பிடித்தது யார்?

பையில் டேப் எப்போதும் இருக்கும். இசக்கியை ஹார்ன் அடித்து அவளை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய், “ஏட்டி, கையை நீட்டு” என்று அதட்டினேன்.

“எந்தக் கைம்மா?”

கேட்டாளே ஒழிய, அவளுக்கே தெரிந்தது. சைக்கிளை இசக்கியிடம் கொடுத்துவிட்டு, ரோட்டோரப் புளியமரத்தில் முதுகை ஒட்டி நின்றாள்.

“வலிக்கா?”

“வலிக்கல. மரத்துப் போவுது.”

“எத்தன நாளா?”

“மொத நாள்ல இருந்தே.”

“ஏன்ட்டி சொல்லல?”

முகத்தில் வழிந்த சாரலை வலது கையால் துடைத்தாள்.

“நீ ரெண்டு கைக்கும் ஒரே நம்பர் எழுதினேல்லா... அதப் பாத்ததும் எனக்கு சந்தோசமா இருந்துச்சும்மா. அதக் கெடுக்க வேண்டாம்னு இருந்துட்டேன்.”

நான் டேப்பைப் பிடித்தேன். அவள் மெல்ல இடது கையை நீட்டினாள். ஓர் இடத்தில் தோள் நின்றது. தள்ளச் சொல்லவில்லை, இழுக்கவும் இல்லை. நின்ற இடத்தில் அளந்தேன். இரண்டு இஞ்ச் குறைவு. அவள் காதுபடச் சொன்னேன். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கைக்கு நான் எடுத்த முதல் உண்மையான அளவு அதுதான்.

அங்கிருந்தே கோயம்புத்தூருக்குப் போன் போட்டோம். நான்தான் பேசினேன். தப்பாக அளவு கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். இந்த வயதில் அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை, இதற்கு எப்படி ஃப்ரேம் செய்வீர்கள் என்று கேட்டேன்.

“அதிலென்னங்கம்மா? நீட்ட முடியாத கைக்குத்தானுங்க ஹேண்டிலக் கிட்டக் கொண்டாரோணும். நீட்ட முடியற கை மடங்கிக்குமுங்க” என்றார்.

நாற்பது வருஷமாகத் தைக்கிறேன். குறைந்த பக்கத்தைக் கூட்டித்தான் எனக்குப் பழக்கம். நிறைந்த பக்கம் மடங்கிக்கொடுக்கலாம் என்று தோன்றியதே இல்லை.

போனை செல்வி வாங்கினாள்.

“ரெண்டு இஞ்ச் கம்மியாவே வெட்டுங்க சார்” என்றாள்.

போனை வைத்துவிட்டு என் கையிலிருந்த டேப்பைப் பிடுங்கிக்கொண்டாள். “இப்ப நீ நில்லும்மா, உன் கை ரெண்டும் ஒண்ணான்னு பாப்போம்” என்று என்னை அந்தப் புளியமரத்தில் சாய்த்து நிறுத்திவிட்டாள். அளந்தாள். சிரித்தாள். இசக்கியும் எட்டிப் பார்க்க வந்தார். விரட்டினேன்.

எவ்வளவு வித்தியாசம் வந்தது என்கிறீர்களா? மகள் அனுமதி கொடுத்தாள், அவள் அளவைச் சொன்னேன். நான் இன்னும் எனக்கு அனுமதி கொடுக்கவில்லை.