எட்டு எட்டு விட்டு வெட்டிய குழி

நூற்று நாற்பது பேரீச்சை மரம். இருபதடிக்கு இருபதடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அறுபது ஆடு நிற்கும் பட்டி. அரபி வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து பழம் பிரிக்க ஓலையில் ஒரு பந்தல். கட்டு எங்கள் ஊர்க் கட்டு, எந்தக் காற்றுக்கும் அசையாது. பம்ப்செட்டிலிருந்து கடைசிப் பாத்தி வரை வாய்க்கால், ஓர் இடத்தில்கூடத் தண்ணீர் தேங்கி நிற்காது. இத்தனையும் ஐந்தாம் வகுப்பு தாண்டாத ஒருவன் உண்டாக்கியது. அரபி தெரியாமல், இந்தி தெரியாமல், கடப்பாரை இறங்காத சரளை மண்ணில், ஒதுங்க ஒரு முள்மரம் தவிர நிழலில்லாத இடத்தில். அந்த ஒருவன் நான்தான். பெருமை அடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை என்பது போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு விளங்கிவிட்டது.

இப்போது ஷார்ஜாவில், முவைலாவில், மகள் வீட்டில் இருக்கிறேன். மகள் நர்ஸ். போன வாரம் டியூட்டி முடிந்து வந்தவள், கூட வேலை பார்க்கிறவள் கொடுத்தாள் என்று ஒரு பேரீச்சம்பழப் பெட்டியை மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்தேன் பாருங்கள், அந்த வாசனை! காய்ந்த வெல்லமும் ஈரச் சாக்கும் சேர்ந்த மாதிரி ஒரு மணம். கோடை முடியப்போகும்போது தோட்டத்தில் எழுகிற மணம் அதுதான். ஆகஸ்டு பாதியில் காற்றில் ஈரம் ஏறும், சட்டை முதுகோடு ஒட்டும், மரத்திலேயே பழம் கனிந்து தேன் சொட்டும். என் மூக்கு முப்பது வருஷம் பின்னால் போய்விட்டது. பெட்டிக்குள் ஒரு வழவழப்பான தாள். அதில் ஒரு தோட்டத்தின் படம். மரங்கள் நேராக நிற்காமல் ஒன்று விட்டு ஒன்று தள்ளி, கோணல் மாணலாக நிற்கின்றன.

என் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? "இது எங்க மஸ்ரா" என்றேன். இங்கே தோட்டத்தை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். பேத்தி தாளை வாங்கி ஆங்கிலத்தில் படித்துவிட்டு, "தாத்தா, இது டூரிஸ்ட் பிளேஸ். டிக்கெட் இருக்கு" என்றாள்.

நான் டிக்கெட் எடுத்து அந்தத் தோட்டத்துக்குள் போவேன் என்று யாராவது அந்தக் காலத்தில் சொல்லியிருந்தால் மண்வெட்டியால் அடித்திருப்பேன்.

ஷார்ஜா டவுனைத் தாண்டி தைத் என்ற ஊர்ப் பக்கம், மெயின் ரோட்டை விட்டு உள்ளே போக வேண்டும். நான் வந்து இறங்கியபோது அங்கே ஒரு கிணறும் அந்த முள்மரமும்தான். தோட்டத்துக்குச் சொந்தக்காரர் பெரியவர் ஒருவர். நெட்டையான ஆள். கையில் பிரம்பு இருக்கும், ஆனால் அதைக்கொண்டு அவர் ஆட்டைக்கூட அடித்து நான் பார்த்ததில்லை. வருஷம் முழுக்க டவுனில் இருந்துவிட்டு, கோடைக் கடைசியில் பழம் பழுக்கிற இரண்டு மாதம் குடும்பத்தோடு தோட்டத்துக்கு வந்துவிடுவார். அவர் மனைவியை வேலைக்காரர்கள் எல்லோரும் "மாமா" என்று கூப்பிட வேண்டும். அரபி வீட்டில் அம்மாவுக்கு அதுதான் பேர். எங்கள் ஊரில் மாமா என்றால் மீசை வேண்டும் அல்லவா! இது புரியாமல், "மாமா உனக்குச் சேலை எடுத்துக் கொடுத்திருக்கார்" என்று ஊருக்குக் கடிதம் போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரி பதில் எழுதினாள்: "எந்த மாமாவுக்கு என் சேலையில இம்புட்டு அக்கறை? அந்த ஆள் கிட்ட நீங்க வேலைக்கு நிக்க வேண்டாம்." அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்தச் சேலை மட்டும் பெட்டியில் இருக்கிறது.

கருவாட்டுச் சண்டையும் அந்த மாமாவோடுதான். ஒருநாள் சாயங்காலம் கருவாடு சுட்டேன். பந்தலிலிருந்து மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்து, "யா ஹிந்தி! அங்கே என்ன செத்துக் கிடக்கு?" என்று சத்தம் போட்டார். ஹிந்தி என்றால் அவர்களுக்கு இந்தியாக்காரன். நான் ஒரு துண்டைப் பிய்த்து நீட்டினேன். வாயில் போட்டார். மென்றுகொண்டே போனார். மறுநாள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சட்டி வந்தது, கூட அவர்கள் வீட்டு உப்புச் சுறா அரைக் கிலோ. "உன் மாதிரியே சுட்டுக் கொடு" என்றார்களாம். அதற்குப் பிறகு அந்தப் பந்தலில் கருவாட்டு நாற்றம் இல்லாத வெள்ளிக்கிழமை கிடையாது.

சரி, மரத்துக்கு வருகிறேன்.

முதல் வருஷம், கோடை முடிகிற நேரம். அதுதான் ஈச்சங்கன்று நட நல்ல காலம். லாரியில் கன்றுகள் வந்து இறங்கிவிட்டன. பெரியவருக்கு டவுனில் வேலை, மூன்று நாளில் வருகிறேன் என்று போய்விட்டார். எனக்கு மேஸ்திரி மாதிரி இருந்தவர் மொய்து இக்கா, மலையாளி. அவரும் பெரியவர் கூடப் போக வேண்டும். வண்டியில் ஏறும் அவசரத்தில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எடா, எட்டு விட்டுக் குழி எடுத்தா மதி. எட்டு! எட்டு!" என்று கத்திவிட்டுப் போனார்.

மதி என்றால் போதும் என்று தெரியும். எட்டு மலையாளத்திலும் எட்டுதான், தமிழிலும் எட்டுதான். ஆனால் தமிழில் எட்டு என்றால் இன்னொன்றும் உண்டே. "நாலு எட்டு வச்சா கோயில்" என்போம். "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வா" என்போம். இக்கா இரண்டு தடவை எட்டு என்றார். நான் எட்டு எட்டு என்று எடுத்துக்கொண்டேன். கயிறு எதற்கு, டேப் எதற்கு? காலாலேயே எட்டு எட்டு வைத்து ஒரு குழி, மறுபடி எட்டு எட்டு வைத்து ஒரு குழி. மூன்று நாளில் பன்னிரண்டு குழி. அந்தச் சரளையில், ஒற்றை ஆளாக! பன்னிரண்டு கன்றையும் வைத்து, மண் அணைத்து, தண்ணீரும் விட்டுவிட்டேன். இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை.

நாலாம் நாள் காலையில் வண்டி வந்தது. இக்கா இறங்கினார், வரிசையைப் பார்த்தார், தலையில் கை வைத்தார்.

"எடா ஹமுக்கே! எந்து பணியாடா இது? எட்டு மீட்டர் எவிடே?"

"மீட்டரா? நீங்க எட்டுன்னுதான சொன்னிய?"

"எட்டுன்னு பறஞ்சா மீட்டர் அல்லாதே பின்னே நின்டே காலோடா?"

என் எட்டில் எட்டு வைத்தால் ஆறு மீட்டர்கூட நன்றாக வராது. ஈச்சமரம் வளர்ந்தால் மட்டை விரியும். ஆறு மீட்டரில் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும். பெரியவரும் இறங்கினார். வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாக நடந்தார். கடைசிக் கன்றின் பக்கத்தில் நின்று, பிரம்பால் அதைத் தொட்டு, "கலாஸ்" என்றார்.

கல்ஃபில் இருக்கிறவர்களுக்கு அந்த வார்த்தை தெரியும். கலாஸ் என்றால் முடிந்தது. வேலை முடிந்தாலும் கலாஸ், விசா முடிந்தாலும் கலாஸ், ஆள் முடிந்தாலும் கலாஸ். நான் நேரே என் தகர ரூமுக்குப் போய், இரண்டு சட்டையையும் மாதா படத்தையும் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன். வட்டிக்கு வாங்கி வந்தவன். மகள் அப்போது கைப்பிள்ளை. ஊரில் போய் எந்த முகத்தோடு நிற்பது? இக்கா வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"எவிடே போகுன்னு?"

"அவருதான் கலாஸ்னு சொல்லிட்டாரே."

"எடா பொட்டா, அது ஆ கன்றின்டே பேராடா!"

பேரீச்சையில் கலாஸ் என்று ஒரு ஜாதி இருக்கிறது. விலை கூடின ஜாதி. இது கலாஸ் கன்று, பிடுங்கி நட்டால் செத்துப்போகும், அப்படியே விட்டுவிடுங்கள் என்றுதான் பெரியவர் சொல்லியிருக்கிறார். நான் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். மூளை என்று ஒன்று எனக்கு வேலை செய்தது அன்றைக்குத்தான். ஊரில் தென்னந்தோப்பில் பார்த்ததை வைத்து, அடுத்த வரிசைக் கன்றை இந்த வரிசை இடைவெளிக்கு நேரே தள்ளி வைக்கலாம், மட்டைக்கு இடம் கிடைக்கும் என்று மண்ணில் கோடு போட்டுக் காட்டினேன். பெரியவர் குனிந்து பார்த்தார். "மஜ்னூன்" என்றார். பைத்தியக்காரன் என்று அர்த்தம். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்புறம் தோட்டம் முழுவதும் அதே கோணல்தான். நூற்று நாற்பதும்.

மரம் வளர்ந்து காய்த்த பிறகு, விருந்தாளி யார் வந்தாலும் அந்த முதல் வரிசைக்குத்தான் கூட்டிப் போவார். "ஸஃப் அல் ஹிந்தி" என்பார். இந்தியாக்காரன் வரிசை. என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, கால் வைத்து நடந்து காட்டச் சொல்லுவார். நான் எட்டு எட்டு வைத்துக் காட்டுவேன். சரியாக அடுத்த மரத்தில் போய் முட்டும். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் தப்பை என் பேரில் வைத்திருந்த மனுஷன் அவர்.

அந்த இரண்டு மாதமும் தோட்டம் கல்யாண வீடு மாதிரி இருக்கும். விடிவதற்கு முன்னால் பம்ப் ஓடும். வெயில் ஏறுவதற்குள் மரம் ஏறிக் குலை வெட்டிக் கயிற்றில் இறக்க வேண்டும். நான் பனை ஏறுகிற வீட்டுப் பிள்ளை. இந்த மரம் எனக்கு ஏணி மாதிரி. மத்தியானம் தொட்டி நிழலில் ஈரச் சாக்கை விரித்துப் படுப்போம். சாயங்காலம் பந்தலில் மாமாவும் மருமகள்களும் பழம் பிரிப்பார்கள். நல்லது தகர டின்னுக்கு, நசுங்கியது பாகுக்கு, அதிலும் மிஞ்சியது ஆட்டுக்கு. ஆடு தேன் குடித்த மாதிரி நாக்கைச் சுழற்றிக்கொண்டு நிற்கும். அந்த மாதங்களில் எனக்கு லீவு கிடையாது. கேட்கவும் மாட்டேன். நான் இல்லாமல் அறுப்பு எப்படி நடக்கும்? குளிர் வந்த பிறகுதான் ஊருக்குப் போவேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மகள் வண்டி ஓட்ட, பேத்தியும் நானும் கூடப் போனோம். வாசலில் கையில் காகித வளையம் கட்டினார்கள். ஆட்டுப்பட்டி இப்போது காப்பிக் கடை. தண்ணீர்த் தொட்டியில் நீல ஓடு பதித்துப் பிள்ளைகள் நீந்துகிறார்கள். முதல் வரிசைக்கு முன்னால் பெரிய பலகை. பேத்தி படித்துச் சொன்னாள்: "இப்போ இருக்கற ஓனரோட தாத்தா இந்த மரமெல்லாம் தன் கையாலயே நட்டாராம். இந்த ஜிக்ஜாக், பாலைவனக் காத்தை உள்ள விடுறதுக்கு அவங்க முன்னோர் கண்டுபிடிச்ச முறையாம்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்புறம் நெஞ்சு எரிந்தது. சத்தம் கேட்டு மேனேஜர் வந்தான். நல்லவேளை, தமிழ்ப் பையன்.

"தம்பி, இதுல எழுதியிருக்கது பொய். முன்னோரும் இல்ல, காத்தும் இல்ல. எட்டு தெரியாம நான் செஞ்ச தப்பு இது."

கதையைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டான். "சூப்பர் ஸ்டோரி ஐயா. ரிவியூல போடுங்க. போர்டு வந்து ஓனர் அப்ரூவ் பண்ணது, அதுல நான் கை வைக்க முடியாது. ஃபோட்டோ, பேப்பர் எதாவது ப்ரூஃப் இருக்கா?"

கேமரா யாரிடம் இருந்தது? "கால் இருக்கு" என்றேன். முதல் மரத்தில் முதுகை வைத்து நின்று நடந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டு வந்தது. மரம் வரவில்லை. இன்னும் நடந்தேன். பன்னிரண்டில் போய்த்தான் மரத்தைத் தொட்டேன்.

"எட்டுன்னீங்க. பன்னெண்டு வருதே ஐயா?" அவன் கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

"மரம் நவுராதுல்லா தம்பி. முட்டு தேஞ்சு போச்சு."

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "எப்பா, போதும். எல்லாரும் பாக்காங்க." மேனேஜர் ஒரு பழப்பெட்டி கொடுத்தான். இலவசமாம். வாங்கிக்கொண்டேன், ஏன் வாங்கக்கூடாது? என் மரத்துப் பழம்.

வீட்டுக்குத் திரும்பினோம். ஏர்போர்ட் ரோட்டில் சிக்னலில் நிற்கும்போது மகள் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்கு மாதா திருநாளுக்குத்தான் புதுநன்மை கொடுத்தாங்க. ஆகஸ்டு மாசம். முதல் நற்கருணை வாங்க வெள்ளைக் கவுன் போட்டுட்டு, அம்மா கூட மட்டும் நின்னேன். ஒரு ஆகஸ்டுலயாவது நீங்க ஊர்ல இருந்தியளாப்பா? அந்த மரத்துக்குத்தான போனிய? அதுக்கு ஒரு போர்டு வேற வேணுமாக்கும்."

பதில் சொல்ல வாய் வரவில்லை. வாய் இல்லாதவன் இல்லை நான். இவ்வளவு நேரம் படித்திருக்கிறீர்களே, தெரியும். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்த பிறகு பதில் கிடைத்தது. ஆமாம் மகளே, அதற்காகத்தான் வேண்டும். உன் ஆகஸ்டை எல்லாம் கொண்டுபோய் அந்தக் குழியில்தான் போட்டேன். அந்த மரத்தை வேறொருவர் நட்டார் என்றால், நான் எங்கே போயிருந்தேன்? முப்பது கோடை எங்கே இருந்தேன் என்று உனக்கு எதைக் காட்டுவேன்?

பெரியவர் இல்லை, மாமா இல்லை. இக்கா எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. கிணறு வற்றி, இப்போது டேங்கரில் தண்ணீர் வருகிறதாம். என் தகர ரூம் இருந்த இடத்தில் ஊஞ்சல் தொங்குகிறது, அதில் உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள். எட்டு வைத்த காலும் போய்விட்டது. மரம் மட்டும் நான் வைத்த இடத்தில் நிற்கிறது.

அந்தத் தோட்டத்தை இப்போது வைத்திருக்கிற பேரப்பிள்ளைக்குச் சொல்லுகிறேன். நிலம் உங்கள் தாத்தாவுடையது. கன்று அவர் வாங்கியது. அதில் ஒரு பிடி மண்ணும் எனக்கு வேண்டாம். குழி என்னுடையது. கோணலும் என்னுடையது, அதைத் தூக்கி உங்கள் முன்னோருக்குக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. உங்கள் தாத்தா அந்த வரிசைக்கு வைத்த பேரைத் திரும்ப வையுங்கள். கீழே ஒரே ஒரு வரி எழுதுங்கள்: எட்டு மீட்டர் என்பதை எட்டு எட்டு என்று நினைத்து இந்தக் குழிகளை வெட்டியவர் இன்னார் என்று. ஆங்கிலத்தில் எழுதுங்கள், அரபியில் எழுதுங்கள். என் மகள் நின்று படிக்கிற மாதிரி தமிழிலும் எழுதுங்கள்.

அந்த இன்னார் யார் என்று நான் இங்கே எழுதவில்லை. எழுத வேண்டிய இடம் இது இல்லை.