கிவு ஏரிக்கரையில் முறிந்த விரதம்

ருவாண்டாவின் கிவு ஏரிக்கரையில் எனக்கு மூன்று ஊர்கள் வேண்டும்: வடக்கே கிசெனி, நடுவில் கிபுயே, தெற்கே ருசிசி. கடைசித் துண்டைப் படகில் கடக்கவேண்டும். ஈஸ்ட் ஹாம் வீட்டில் என் அறைச் சுவர் முழுக்க அந்த ஏரியின் வரைபடம்தான். "பொம்பிளைப் பிள்ளை தனியவோ?" என்று அம்மா மறித்ததால் அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். அவள் மோர்டனில் ஆசிரியை, கலியாணமாகி ஏழு வருஷம். அவளுடைய ஒக்டோபர் விடுமுறையைப் பார்த்து டிக்கெட் எடுத்த நான், அம்மாவின் கலண்டரைப் பார்க்கவில்லை. அதே வாரம் கந்தசஷ்டி, அக்காவுக்கு ஆறு நாள் விரதம். பகலெல்லாம் பட்டினி, பின்னேரம் ஒரு நேரம் மட்டும் மரக்கறிச் சாப்பாடு.

கிசெனியிலேயே சண்டை தொடங்கிவிட்டது.

"அக்கா, எரிமலையைப் பார்!"

"என்ர வயிறு எரியுது, அதைப் பார். லீவைப் பாத்து டிக்கெட் எடுத்தனி, விரதத்தைப் பாத்தனியோ?"

"ஏன், முருகன் ஒரு கிழமை லீவு தரமாட்டாரோ?"

அவள் எரிமலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள். மறுநாள் கிபுயே பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் நான் ஏரியைக் கண்டு கத்தினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வேண்டுமென்றே மூடுகிறாள் என்று எனக்கு எரிச்சல்.

கிபுயேயில் பொழுது சாய்கிற நேரம். மும்மூன்று படகுகளாகச் சேர்த்துக் கட்டி, நீளக் கம்புகளை நீட்டியபடி மீனவர்கள் பாடிக்கொண்டு புறப்பட்டார்கள். படமெடுக்கும் அவசரத்தில், மரவள்ளி இலையை இடித்துச் சமைத்த கறியொன்றை அக்காவுக்குச் சொன்னேன். "இறைச்சி இருக்கா?" என்று பரிமாறியவரிடம் கேட்டேன். இல்லை என்றார்.

"மச்சம் மாமிசம் ஒண்டுமில்லை. நான் கேட்டிட்டன், சாப்பிடு."

நாலாவது வாயில் அவள் நிறுத்தினாள். நாக்கிலிருந்து எதையோ எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தாள். கண்ணோடு ஒரு பொடி மீன்தலை. பரிமாறியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அது மீன், இறைச்சி இல்லையே என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்கிறியோ? இது ஆறாம் வருஷமடி. ஆறு வருஷம் விடாமல் பிடிச்சால் பிள்ளை கிடைக்குமெண்டு பிடிச்சனான். இன்னும் மூண்டு நாள்தான் கிடந்தது."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உனக்கோ? நீ எப்ப மனிசரைப் பாத்தனி?"

அங்கேயே வாயை மூடியிருக்கலாம். "இதுக்கு நீ டொக்டரிட்டப் போயிருக்கலாம்" என்றேன்.

"போனனான். மூண்டு தரம்."

விடிந்ததும் அவள் கிகாலிக்கு பஸ் ஏறினாள். "வா" என்று கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. படகில் ஏறினேன். வழியெல்லாம் தீவுகள், எதிர்க்கரையில் நீலம் பூத்த கொங்கோ மலைகள், தண்ணீர்வரை இறங்கி நிற்கும் வாழைத்தோட்டங்கள். ருசிசியை அடையும்வரை ஒரு நிமிடமும் உட்காரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தேன். பொய் எழுத ஏலாது.

அக்கா மறுபடி முதலாம் வருஷத்திலிருந்து தொடங்கியதை அம்மா சொல்லித்தான் அறிந்தேன். ஆறும் முடியும்போது அவளுக்கு நாற்பது தாண்டிவிடும். போன வருஷம் சஷ்டி விரதம் தொடங்க முதல்நாள் அவளுக்குப் போன் எடுத்தேன். பின்னேரங்களில் அவள் சாப்பிட மரக்கறி ஏதாவது சமைத்துக் கொண்டு வரவா என்று கேட்டேன்.

"நீயோ? இந்த ஆறு நாளும் என்ர வாசல் பக்கம் வராத. அது போதும்."

போகவில்லை.